மாதிரிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து பாருங்கள்

அமெரிக்காவில் பழைய புத்தகம் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் முதல் பதிப்பைத் தேடி அலைகிறார்கள். நான் தேடுவது, அந்த முதல் பதிப்பு அச்சாகி முடிவதற்கு முன்பே அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்த இன்னொரு புத்தகத்தை. 19ஆம் நூற்றாண்டில் ஏஜென்டுகள் வீடு வீடாகச் சென்று, புத்தகம் வாங்குவதாகக் கையொப்பம் பெற்றுக்கொண்டு வந்தார்கள். அப்போது அவர்கள் கையில் இருந்த மாதிரிப் புத்தகம்தான் அது. அதில் தலைப்புப் பக்கம் இருக்கும். ஆங்காங்கே எடுத்துக் கோத்த சில அத்தியாயப் பக்கங்கள், கண்ணைப் பறிக்கும் படங்கள், விலை விவரம் எல்லாம் இருக்கும். கடைசியில், கையொப்பம் வாங்குவதற்குக் கோடு போட்ட வெற்றுத்தாள்கள் இருக்கும்.

கையொப்பம் வாங்கிப் புத்தகம் போடுவது நமக்குத் தெரியாத விஷயமல்ல. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது (அது 1887இல் வெளிவந்தது) கையொப்பக்காரர்களைச் சேர்க்கப் பட்ட பாட்டை அவருடைய தன்வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். அங்கே ஓர் அறிஞர் தாமே செய்த வேலையை, அமெரிக்காவில் பதிப்பகங்கள் பெரிய தொழிலாகவே நடத்தின. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு வேலை தேடிய முன்னாள் சிப்பாய்கள், கணவனை இழந்த பெண்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் என்று பலரும் இந்த மாதிரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். புத்தகக் கடையே இல்லாத ஊர்களுக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்தது இவர்களால்தான்.

நான் வசிப்பது கனெக்டிகட் மாநிலத்தின் தலைநகரான ஹார்ட்ஃபோர்டில். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை. இந்த ஊரைக் காப்பீட்டுத் தலைநகரம் என்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் இதுவே கையொப்பப் பதிப்புத் தொழிலின் தலைநகரமாகவும் இருந்தது. அமெரிக்கன் பப்ளிஷிங் கம்பெனி, ஏ. டி. வொர்திங்டன், ஜே. பி. பர், பார்க் பப்ளிஷிங் கம்பெனி எல்லாம் இங்கே இருந்தவை. மார்க் ட்வைன் தன் பெயர்பெற்ற புத்தகங்களில் பலவற்றை இந்த முறையில்தான் விற்றார். ஃபார்மிங்டன் அவென்யூவில் அவர் 1874 முதல் 1891 வரை வாழ்ந்த வீடு இன்றும் நிற்கிறது. மாதிரிப் புத்தகங்களின்மேல் எனக்குப் பிடிப்பு வந்ததற்கு இந்த ஊர்தான் காரணம்.

தஞ்சாவூரில் இருக்கும் என் அண்ணன் ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "முழுப் புத்தகமே கிடைக்கும்போது இந்த அரைகுறைப் புத்தகம் எதற்குத் தம்பி?" சேர்க்கத் தொடங்கும் எவரும் முதலில் தெளிந்துகொள்ள வேண்டியது இதற்கான பதிலைத்தான். முழுப் புத்தகம் எழுத்தாளர் என்ன எழுதினார் என்பதைச் சொல்லும். மாதிரிப் புத்தகம் அது எப்படி விற்றது, யார் வாங்கினார்கள், எந்த அட்டைக்கு ஆசைப்பட்டார்கள், கடைசியில் யார் காசு கொடுத்தார்கள் என்பதையெல்லாம் சொல்லும். இதை வேறு எந்தத் தாளும் நமக்குச் சொல்வதில்லை. ஆகவே என் அறிவுரை ஒன்றுதான்: மாதிரிப் புத்தகத்தைத் தலைப்புக்காக வாங்காதீர்கள். கடைசிப் பக்கங்களுக்காக வாங்குங்கள்.

எது மாதிரி, எது சிதைந்த பிரதி

முதலில் அடையாளம் காணப் பழக வேண்டும். விற்பவர்களில் பலருக்கே இது தெரிவதில்லை. "பக்கங்கள் குறைகின்றன", "முழுமையற்ற பிரதி" என்று போட்டுக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நமக்கு நல்ல வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

மாதிரிப் புத்தகத்தில் பக்க எண் தாவும். 16ஆம் பக்கத்துக்குப் பிறகு 33 வரும், அதன் பிறகு 97 வரும். ஒரு பக்கத்தின் கடைசி வாக்கியம் பாதியில் நிற்கும், அடுத்த பக்கம் வேறு கதையைத் தொடங்கும். சிதைந்த பிரதியிலும் இப்படி நேரலாம். வேறுபாடு தையலில் இருக்கிறது. தாள் கிழிந்து போன புத்தகத்தில் தையலை ஒட்டிக் கிழிந்த விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும், அல்லது நூல் தளர்ந்திருக்கும். மாதிரிப் புத்தகத்தில் தையல் இறுக்கமாக, முறையாக இருக்கும். தாவுகிற பக்கங்கள் அப்படியே சேர்த்துத் தைக்கப்பட்டவை. கூடவே, பதிப்பகத்தாரின் அறிவிப்பு ஒன்று புத்தகத்தின் பெருமையைப் பெரிய எழுத்தில் பாடும். இத்தனை பக்கம், இத்தனை படம், கடைகளில் கிடைக்காது, கையொப்பம் இட்டவர்களுக்கு மட்டுமே என்று போகும். அதையடுத்து நிபந்தனைகள், பைண்டிங் வகைகள், விலை. பிறகு கோடு போட்ட தாள்கள். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தாலே கையில் இருப்பது மாதிரிப் புத்தகம்தான் என்று முடிவு செய்யலாம்.

ஏலப் பட்டியல்களிலும் இணைய விற்பனையிலும் இதற்குப் பல பெயர்கள். கான்வாஸிங் புக், பிராஸ்பெக்டஸ், சேல்ஸ்மேன்ஸ் சாம்பிள், சேல்ஸ்மேன்ஸ் டம்மி என்ற நான்கையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். டம்மி என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை. புத்தகத்தின் பருமன் எப்படி வரும் என்று பார்க்க வெற்றுத்தாளை வைத்துக் கட்டிய அச்சகப் பிரதியையும் டம்மி என்றுதான் சொல்வார்கள். அது வேறு சரக்கு.

பின்னாலிருந்து தொடங்குங்கள்

புத்தகத்தை வாங்கி மேசையில் வைத்ததும் நான் முன்னட்டையைத் திறப்பதில்லை. கவிழ்த்து வைத்துப் பின்னாலிருந்து புரட்டுகிறேன்.

என்னிடம் உள்ள பிரதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, போர்க்கால நினைவுகளைச் சொல்லும் ஒரு நூலின் மாதிரி. வெளியே பார்த்தால் மூலைகள் நைந்து, துணி வெளுத்து, எவரும் ஒதுக்கிவிடக்கூடிய பிரதி. கடைசித் தாள்களில் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பெயர், ஊர், எத்தனை பிரதி, எந்த பைண்டிங் என்று நான்கு பத்திகள். முதல் இரண்டு பெயர்கள் மையில் இருக்கின்றன. ஒருவர் போதகர், இன்னொருவர் மருத்துவர். மூன்றாம் பெயரிலிருந்து எல்லாமே பென்சில். இது தற்செயல் அல்ல. ஊரில் மதிப்புள்ளவர்களின் கையொப்பத்தை முதலில் வாங்கிவிடு, அதைப் பார்த்து மற்றவர்கள் இடுவார்கள் என்று ஏஜென்டுகளுக்குச் சொல்லிக் கொடுப்பது அந்தத் தொழிலின் பாலபாடம். அந்த இரண்டு மைக் கையொப்பங்களும் பிறகு வந்த ஒவ்வொரு வீட்டிலும் காட்டப்பட்டிருக்கும்.

பைண்டிங் பத்தியில் முதலில் "துணி" என்று எழுதி, கீழே வரிசையாக "மேற்படி" குறி போட்டுக்கொண்டே போகிறார் ஏஜென்ட். திடீரென ஒரு வரியில் மட்டும் செம்மறி ஆட்டுத்தோல். இரண்டு பெயர்கள் அடிக்கப்பட்டிருக்கின்றன. பெயர்களுக்கு இடப்பக்கம் சின்னச் சாய்கோடுகள். புத்தகம் ஒப்படைக்கப்பட்டு, காசும் கைக்கு வந்துவிட்டதன் அடையாளம் என்றே அவற்றை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இந்த வியாபாரத்தில் பொதுவாகக் கையொப்பம் இடும்போது பணம் வாங்குவதில்லை. பல வாரமோ மாதமோ கழித்துப் புத்தகம் வந்து சேரும்போதுதான் ஏஜென்ட் மறுபடி நடந்து போய் வசூலிக்க வேண்டும். அதற்குள் மனம் மாறியவர்கள், ஊர் மாறியவர்கள் எல்லாம் உண்டு. ஒரு பெயருக்குப் பக்கத்தில் "அறுவடைக்குப் பிறகு" என்று பொடி எழுத்தில் குறிப்பு. அந்த வரியில் சாய்கோடு இல்லை.

இந்த ஒரு தாளுக்காகவே அந்தப் பிரதியை நான் எவருக்கும் கொடுக்க மாட்டேன்.

சந்தையில் நிலைமை நேர்மாறு. எழுத்தே விழாத, புத்தம் புதிதுபோல் இருக்கும் பிரதிக்குத்தான் விலை அதிகம் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட பிரதி எந்த வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை என்றுதான் பொருள். ஏஜென்ட் ஆகலாம் என்று பணம் கட்டி வாங்கிய ஒருவர் ஒரு நாள்கூட வெளியே கிளம்பாமல் பரணில் போட்டிருக்கலாம். காட்சிக்கு அது நன்றாக இருக்கும். ஆனால் படிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. புதிதாகச் சேர்ப்பவர்கள் அழுக்குப் பிரதியைத் தேடுங்கள், பட்டியல் நிரம்பிய பிரதியைத் தேடுங்கள். விலையும் உங்களுக்குச் சாதகமாக இருக்கும்.

பட்டியலைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கோடு போட்ட தாள்கள் வெட்டி எடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று தையலோரம் பாருங்கள். ஏஜென்டே பதிப்பகத்துக்கு அனுப்பக் கிழித்திருந்தால் அது வரலாறு. பிற்காலத்தில் சுத்தமான பிரதி என்று காட்டுவதற்காகக் கிழித்திருந்தால் அது சேதம். கிழிந்த விளிம்பு பழுப்பேறி இருக்கிறதா, வெள்ளையாக இருக்கிறதா என்பது ஓரளவு சொல்லும். பென்சில் எழுத்து ரப்பரால் அழிக்கப்பட்டிருந்தால், அறை விளக்கை அணைத்துவிட்டு, தாளின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். அழிந்த பெயர்களைப் பெரும்பாலும் படித்துவிடலாம். முதல் பக்கப் பெயர்கள் எல்லாமே ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தால் சற்று நிதானியுங்கள். ஏஜென்டே எழுதி நிரப்புவது சாதாரணம்தான், ஆனால் ஆள் பிடிக்கப் போலிப் பெயர்களை முன்னால் எழுதி வைத்தவர்களும் உண்டு. அந்தப் பெயர்களை எப்படிச் சோதிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அழுக்கையும் படியுங்கள். பல பிரதிகளில் அழுக்கு எல்லாப் பக்கமும் பரவியிருப்பதில்லை. குறிப்பிட்ட சில படங்களின் ஓரத்தில் மட்டும் திட்டுத் திட்டாக இருக்கும். புத்தகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடாதே, நீயே பிடித்துக்கொண்டு புரட்டிக் காட்டு என்பது ஏஜென்டுகளுக்குத் தரப்பட்ட பயிற்சி. ஆகவே ஒரே விரல் ஒரே இடத்தில் எத்தனையோ முறை பட்டிருக்கிறது. எந்தப் படத்தில் நிறுத்திப் பேசினார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது. அந்த அழுக்கைத் துடைக்கும் எண்ணம் தயவுசெய்து வேண்டாம்.

அட்டையும் முதுகுப் பட்டையும்

பின்பக்கம் முடிந்த பிறகு அட்டைக்கு வாருங்கள். ஒரே புத்தகத்தைத் துணி, செம்மறித் தோல், அரை மொராக்கோ (முதுகும் மூலைகளும் மட்டும் வெள்ளாட்டுத் தோல்) என்று பல பைண்டிங்கில் விற்றார்கள். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஏஜென்ட் நடக்க முடியாது. அதனால் முன்னட்டையைத் துணியிலும் பின்னட்டையைத் தோலிலும் கட்டினார்கள். மற்ற வகைகளின் முதுகுப் பட்டைகளை மட்டும் தனியாகச் செய்து, பொன்னெழுத்துடன் அட்டையின் உட்புறத்தில் ஒட்டினார்கள். சேலைக் கடையில் முழுச் சேலையையும் பிரிக்காமல் முந்தானையை மட்டும் விரித்துக் காட்டுவதுபோல, இந்தப் பட்டைகளைக் காட்டியே விலை உயர்ந்த பைண்டிங்கைத் தலையில் கட்டினார்கள்.

மாதிரிப் புத்தகம் விரல் பருமன்தான் இருக்கும், ஆனால் உள்ளே ஒட்டிய பட்டையோ முழுப் புத்தகத்தின் முதுகு அளவு அகலமாக இருக்கும். அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முழுப் பிரதியுடன் ஒப்பிட்டால், சொன்ன பருமனில் புத்தகத்தைக் கொடுத்தார்களா என்று தெரிந்துவிடும். இப்படி வாங்கியவர்களுக்குப் புத்தகத்தின் எடையும் பருமனும் முக்கியம். பதிப்பகங்கள் தடித்த தாளையும் ஏராளமான படங்களையும் போட்டதற்குக் காரணம் அதுதான்.

பட்டைகள் கழன்று விழுவது இயல்பு. ஒட்டியிருந்த இடத்தில் பசைக் கறையும் நிறம் மாறாத செவ்வகமும் இருந்து, பட்டை இல்லை என்றால் விலை குறைத்துக் கேளுங்கள். பட்டை இருந்தும் அந்தச் செவ்வகத்தோடு பொருந்தவில்லை என்றால் வேறு பிரதியிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கலாம்.

ட்வைனும் கிராண்டும்

பெரிய பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்க ஆசைப்படுகிறார்கள். அமெரிக்கன் பப்ளிஷிங் கம்பெனி 1869இல் வெளியிட்ட "தி இன்னசென்ட்ஸ் அப்ராட்" முதல் ஆண்டில் சுமார் 70,000 பிரதிகள் விற்றது. ட்வைன் பிறகு 1884இல் நியூயார்க்கில் சார்லஸ் எல். வெப்ஸ்டர் அண்ட் கம்பெனி என்ற சொந்தப் பதிப்பகத்தையே தொடங்கினார். அதன் முதல் புத்தகம் "ஹக்கிள்பெரி ஃபின்".

அந்தப் புத்தகத்தின் மாதிரிக்கு ஒரு தனிக் கதை உண்டு. 283ஆம் பக்கத்தில் ஓவியர் கெம்பிள் வரைந்த படம் ஒன்றில், கதையில் வரும் சைலஸ் மாமா நிற்கிறார். யாரோ ஒருவன் அச்சுத் தகட்டில் கை வைத்து அந்த உருவத்தை ஆபாசமாக்கிவிட்டான். மாதிரிப் புத்தகங்கள் ஏஜென்டுகளுக்குப் போன பிறகுதான் 1884 நவம்பரில் அது தெரியவந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடும்படி எல்லா ஏஜென்டுகளுக்கும் அவசர உத்தரவு பறந்தது. செய்தவனைக் காட்டிக் கொடுத்தால் 500 டாலர் பரிசு என்று வெப்ஸ்டர் அறிவித்தும் ஆள் அகப்படவில்லை. "ஹக்கிள்பெரி ஃபின்" மாதிரியில் இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். துணி பைண்டிங் 2.75 டாலர், தோல் 3.25, அரை மொராக்கோ 4.25. துணியில் பச்சைதான் வழக்கம். ஆனால் ட்வைனின் முந்தைய நூலான "டாம் சாயர்" ஏற்கனவே வைத்திருப்பவர்கள் அதற்குப் பொருத்தமாக நீல அட்டை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாங்குபவரின் அலமாரி வரைக்கும் யோசித்த வியாபாரம் அது.

உள்நாட்டுப் போரில் வடக்குப் படையை நடத்தி, பிறகு அமெரிக்க அதிபருமான ஜெனரல் கிராண்டின் நினைவுக் குறிப்புகள் இந்த முறையின் உச்சம். தொண்டைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே எழுதி முடித்து, 1885 ஜூலை 23 அன்று அவர் இறந்தார். அவருக்குக் கீழ் போரிட்ட சிப்பாய்களையே பல ஊர்களில் ஏஜென்டுகளாக வெப்ஸ்டர் கம்பெனி அனுப்பியது. இரண்டு பாகம் கொண்ட தொகுப்பு 3,00,000க்கும் மேல் விற்றது. 1886 பிப்ரவரியில் அவருடைய மனைவி ஜூலியாவுக்குப் போன முதல் காசோலை மட்டும் 2,00,000 டாலர். இந்த நூலின் மாதிரிகள் நிறைய அச்சானதால் இன்றும் கிடைக்கின்றன. ஏஜென்டுகளுக்கு வீட்டு வாசலில் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் சிறு கையேடு ஒன்றும் தனியாக இருந்தது. அது கிடைப்பது அரிது. கண்டால் விடாதீர்கள்.

ட்வைன் மாதிரிகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்பார்கள். தொடங்குபவர் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. குடும்பப் பைபிள் மாதிரிகள், 1871 சிகாகோ தீ விபத்து, 1889 ஜான்ஸ்டவுன் வெள்ளம் போன்ற பேரிடர்களைப் பற்றி அவசர அவசரமாகக் கட்டிய புத்தகங்களின் மாதிரிகள், வீட்டு மருத்துவம், சட்டம், சமையல் ஆகியவற்றின் மாதிரிகள் எல்லாம் இன்றும் சாதாரண விலைக்கு வருகின்றன. பட்டியல் நிரம்பியிருப்பதும் பெரும்பாலும் இவற்றில்தான். பைபிள் மாதிரிகள் கனமானவை, இடத்தை அடைக்கும். ஆனால் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதும் குடும்பப் பக்கங்களின் வண்ண அச்சு அவ்வளவு அழகு. ஒன்றாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பின மக்களின் வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் இரண்டு பெயர்களை மனத்தில் வையுங்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களின் கதைகளைத் திரட்டி 1872இல் ஃபிலடெல்ஃபியாவில் வெளியிட்ட வில்லியம் ஸ்டில், தாமே ஏஜென்டுகளை அமர்த்தி அந்தப் புத்தகத்தை விற்றார். அடிமைத்தளையிலிருந்து தப்பி, அடிமை முறைக்கு எதிராகக் குரல் கொடுத்த ஃப்ரெடரிக் டக்ளஸின் தன்வரலாறு ஒன்று 1881இல் ஹார்ட்ஃபோர்டின் பார்க் பப்ளிஷிங் கம்பெனி மூலம் வந்தது. இவற்றின் மாதிரிகளில் நிரம்பிய பட்டியல் கிடைத்தால் அது நூலகத்தில் இருக்க வேண்டிய ஆவணம்.

எங்கே தேடுவது, என்ன கேட்பது

மசாசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிம்ஃபீல்டில் மே, ஜூலை, செப்டம்பர் மாதங்களில் வயல்வெளி முழுக்கப் பழம்பொருள் சந்தை கூடும். புத்தகக் கூடாரங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பண்ணை வீட்டுச் சாமான்களைக் குவித்து வைத்திருப்பவர்களிடம்தான் மாதிரிகள் இருக்கும். பழைய துண்டுத் தாள்களைச் சேர்ப்பவர்களின் சங்கமான எஃபெமெரா சொசைட்டி ஆஃப் அமெரிக்கா கனெக்டிகட்டில் நடத்தும் கண்காட்சியில் துண்டறிக்கை, விலைப்பட்டியல், ஏஜென்ட் கடிதம் எல்லாம் கிடைக்கும். ஊர் நூலகங்களின் பழைய புத்தக விற்பனை, வீட்டைக் காலி செய்யும் விற்பனை இரண்டையும் விடாதீர்கள். இணையத்தில் வாங்குபவர்கள் முன்பு சொன்ன நான்கு பெயர்களோடு "முழுமையற்றது" என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் பதிப்பகத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: இரண்டு அட்டைகளின் உட்புறம், கோடு போட்ட தாள்கள் அனைத்தும், தையலோரம், உள்ளே செருகியிருக்கும் தனித் தாள்கள். கடைசி கேள்வியை மறக்கவே கூடாது. ஏஜென்டுக்கு வந்த கடிதம், கமிஷன் விவரம், ஆர்டர் பாரம், நோட்டீஸ் எல்லாம் புத்தகத்துக்குள்ளேயே செருகிக் கிடக்கும். பலர் அவற்றைப் பிரித்துத் தனித்தனியாக விற்கிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கும். எந்த ஏஜென்ட், எந்த ஊர் என்ற தொடர்பு அந்த நிமிடமே அறுந்துபோகிறது. சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் கூடுதல் விலை தருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கையில் கிடைத்ததை அடையாளம் காண அடிப்படை நூல் கீத் ஆர்பர் 1996இல் வெளியிட்ட பட்டியல். மைக்கேல் ஜின்மன் என்பவர் திரட்டிய, 1833 முதல் 1951 வரையான மாதிரிப் புத்தகங்களின் விவரம் அது. வியாபாரிகள் "ஆர்பர் எண்" என்று குறிப்பிடுவது இதைத்தான். ஜின்மனின் சேகரிப்பு இப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. திட்டம் ஏதும் போடாமல் கிடைப்பதையெல்லாம் சேர், குவியல் பெருகினால் அதன் ஒழுங்கு தானே தெரியும் என்பது அவருடைய வழி. அத்தனை இடமும் வசதியும் உள்ளவர்களுக்கு அது சரி. இரண்டு அலமாரி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, ஒரு ஊரையோ ஒரு பதிப்பகத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். ஹார்ட்ஃபோர்டுக்கு வெளியே நான் வாங்குவது குறைவு.

ஒவ்வொரு பிரதியையும் முழுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஹாத்திடிரஸ்ட் தளத்தில் அந்தக் காலப் புத்தகங்கள் பலவற்றின் முழு வடிவம் இலவசமாகக் கிடைக்கிறது. பல நேரங்களில் மாதிரி முதலில் அச்சானதால், பிறகு மாறிய வரிகள், இடம் மாறிய படங்கள், கைவிட்ட தலைப்புகள் எல்லாம் அதில் தங்கியிருக்கும்.

பராமரிப்பு

செய்யக் கூடாதவைதான் முக்கியம். செலோ டேப் கூடாது. தோலுக்கு எண்ணெய் தடவக் கூடாது. அந்தக் கால வழிகாட்டிகள் அதைச் சொல்லியிருந்தாலும் இன்றைய காப்பாளர்கள் வேண்டாம் என்கிறார்கள். செம்மறித் தோல் செந்நிறப் பொடியாக உதிரத் தொடங்கினால், அமிலமற்ற தாளில் சுற்றி அதே வகை அட்டைப்பெட்டியில் படுக்க வையுங்கள். பொடி அடுத்த புத்தகத்தில் ஒட்டாது. மேலும் உதிராமல் கெட்டிப்படுத்துவது பயிற்சி பெற்றவர் வேலை. கழன்ற முதுகுப் பட்டையை நீங்களே ஒட்டாமல், உறையில் போட்டு அந்தப் புத்தகத்துடனேயே வையுங்கள். புத்தகத்தை முழுக்க மல்லாக்க விரிக்காமல் இருபுறமும் முட்டுக் கொடுத்துப் பாதி திறந்து படியுங்கள்.

பளிச்சென்ற மரகதப் பச்சைத் துணி அட்டை வந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த நிறத்துக்கு ஆர்செனிக் சேர்த்தார்கள். டெலவேர் மாநிலத்து வின்டர்தூர் அருங்காட்சியகம் 2019 முதல் இப்படிப்பட்ட புத்தகங்களைச் சோதித்து வருகிறது. பிளாஸ்டிக் பையில் போட்டுத் தனியாக வையுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில்.

ஊருக்கு எடுத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரப்பதத்தில் மாவுப் பசை போட்ட இந்த அட்டைகள் ராமபாணப் பூச்சிக்கு நல்ல தீனி. குளிர்சாதனமும் ஈரப்பதம் காட்டும் கருவியும் இல்லாத அறையில் இவற்றை வைக்க வேண்டாம்.

பெயர்களைத் தேடிப் போங்கள்

பட்டியலைப் படமெடுத்த பிறகு ஒவ்வொரு பெயரையும் தட்டெழுதுங்கள். 1870, 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயர், வயது, தொழில், வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் வரும். அடுத்தடுத்த பெயர்கள் கணக்கெடுப்பிலும் அடுத்தடுத்த வீடுகளாக வந்தால் ஏஜென்ட் நடந்த தெருவே கிடைத்துவிடும். ஒருவர்கூட அகப்படவில்லை என்றால் போலிப் பட்டியல் என்ற ஐயம் வலுப்படும். 1890 கணக்கெடுப்பு ஏடுகள் மட்டும், சில துண்டுகளைத் தவிர, கிடைக்காது. 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பெரும்பகுதி பாழாகி, மிஞ்சியவற்றில் ஏறக்குறைய எல்லாமே பின்னர் அழிக்கப்பட்டன. அதனால் 1885க்கும் 1895க்கும் இடைப்பட்ட பட்டியல் ஒன்று உங்களிடம் இருந்தால், ஓர் ஊரில் அந்த ஆண்டுகளில் யார் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்றாகலாம்.

ஏஜென்டின் பெயர் இருந்தால் அதையும் தேடுங்கள். பெண்களாக இருந்தால் விடாமல் தேடுங்கள். அன்னி நெல்லிஸ் 1868இலும், கலிஃபோர்னியாவில் திருமதி லிக்கின்ஸ் 1874இலும் தங்கள் ஏஜென்ட் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதினார்கள். அப்படி எழுதாமல் போன பெண்கள் ஏராளம். அவர்கள் நடந்த நடைக்கு இந்தப் பட்டியலைத் தவிர வேறு பதிவு இருக்க வாய்ப்பில்லை.

தேடி முடித்ததும், பட்டியலில் உள்ள ஊரின் வரலாற்றுக் கழகத்துக்குப் படங்களை அனுப்புங்கள். நியூ இங்கிலாந்து எனப்படும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஏறக்குறைய ஒவ்வொரு ஊருக்கும் இப்படிக் கழகம் உண்டு. வெர்மான்ட் பட்டியலை அனுப்பியபோது, அங்கே தன்னார்வலராக இருக்கும் ஒரு முதியவர் மூன்று பெயர்களுக்கு உரிய கல்லறை எண்களை எழுதி அனுப்பினார். அவற்றில் ஒன்று "அறுவடைக்குப் பிறகு" என்று குறித்திருந்தவருடையது. அவர் அந்த ஆண்டு அறுவடைக்கு முன்பே இறந்திருக்கிறார். சாய்கோடு ஏன் விழவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கடிதத்தை அச்சிட்டு, மாதிரிப் புத்தகத்தின் பெட்டியிலேயே தனி உறையில் வைத்திருக்கிறேன். நீங்களும் இப்படி வரும் தகவல்களைத் தேதி போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள். புத்தகத்துக்குள் செருக வேண்டாம், புதிய தாளின் மை பழைய தாளில் இறங்கும்.